பசித்தவன் முன் சந்தைச் சாத்திரம்

கொடியவன் ஒருவன் ஆண்டான், மக்கள் மடிந்தார்கள் என்றால் அதை விளங்கிக் கொள்வது எளிது, தோழர்களே! கொள்ளைக்காரன் கையில் கஜானா சிக்கியது, காலியாயிற்று என்றால் அதிலும் வியப்பில்லை. ஆனால் கை நீட்டி லஞ்சம் வாங்காத ஒருவர், அலுப்புச் சலிப்பின்றி மேசையோடு மேசையாக உழைத்த ஒருவர், கடவுளுக்கு அஞ்சிய ஒருவர், தாம் செய்வது நல்லதே என்று மனமார நம்பிய ஒருவர், பஞ்ச நிவாரணத்தின் கடிவாளத்தைப் பிடித்திருந்த காலத்தில் பத்து லட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் செத்தார்கள் என்றால், அதை எப்படி விளங்கிக் கொள்வது?

அந்த மனிதர் சர் சார்லஸ் எட்வர்டு டிரெவெலியன். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தின் நிரந்தரத் தலைமை அதிகாரி. பிறகு நம்முடைய சென்னை மாகாணத்துக்கே கவர்னராக வந்தவர். அவருடைய வாழ்க்கையைப் பாட்டாளித் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அவரை ஆட்டி வைத்தது பேராசை அல்ல, ஒரு தத்துவம். சந்தையைத் தொடாதே, அது தானாகவே எல்லாவற்றையும் சரிப்படுத்தும் என்ற தத்துவம். மனிதர் மறைந்து நூறாண்டுக்கு மேலாகிறது. தத்துவம் மட்டும் இன்னும் மறையவில்லை.

படித்த பள்ளி

டிரெவெலியன் 1807ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டாண்டன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார். கிழக்கிந்தியக் கம்பெனி தன்னுடைய அதிகாரிகளைத் தயார் செய்வதற்காக ஹெய்லிபரி என்னுமிடத்தில் ஒரு கல்லூரி வைத்திருந்தது. இந்தியாவை ஆள வரும் இளைஞர்கள் அங்கே பயிற்சி பெற்றுத்தான் கப்பல் ஏறுவார்கள். டிரெவெலியனும் அங்கேதான் படித்தார்.

அந்தக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர் யார் தெரியுமா? மால்தஸ்! மக்கள் தொகை வேகமாகப் பெருகும், உணவு அந்த வேகத்தில் பெருகாது, மிஞ்சியவர்களைப் பசியும் பிணியும் வந்து குறைக்கும் என்று 1798இல் நூல் எழுதிய அதே மால்தஸ். 1805 முதல் 1834இல் சாகும் வரை அவர் கம்பெனிக் கல்லூரியின் ஆசிரியர். ஏழைக்குச் சர்க்கார் கொடுக்கும் உதவி ஏழையைக் கெடுக்கும் என்பது அவருடைய பாடம்.

அதற்கு முன்பே, 1776இல், ஸ்காட்லாந்துக்காரரான ஆடம் ஸ்மித் 'நாடுகளின் செல்வம்' என்ற பெரிய நூலை எழுதியிருந்தார். தானிய வியாபாரத்தில் சர்க்கார் கை வைத்தால்தான் தட்டுப்பாடு பஞ்சமாக முற்றும் என்பது அதிலே அவர் சொன்ன கருத்துகளில் ஒன்று. ஆடம் ஸ்மித்துக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதலாளிகள் கூலியைக் குறைக்க ஓசைப்படாமல் கூடிப் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதியவரும் அவர்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தைக் கடுமையாகக் கண்டித்தவரும் அவர்தான். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவருடைய நூலில் தங்களுக்குப் பிடித்த பக்கங்களை வைத்துக்கொண்டு, பிடிக்காத பக்கங்களைப் புரட்டாமல் விட்டுவிட்டார்கள்.

இந்தப் பாடங்களோடு 1826இல் டிரெவெலியன் கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்தார். டில்லியில் வேலை.

நேர்மையாளர்

டில்லியில் அவர் செய்த முதல் பெரிய காரியத்தைக் கேளுங்கள். அங்கே கம்பெனியின் ரெசிடெண்ட் சர் எட்வர்டு கோல்புரூக். அந்தஸ்தில் மலை போன்றவர். அவர் லஞ்சம் வாங்குகிறார் என்று 1829இல் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார் டிரெவெலியன். அப்போது அவருக்கு வயது 22! மேலதிகாரியை எதிர்த்த சின்னப் பையன் அழிந்தான் என்றே பலரும் நினைத்திருப்பார்கள். விசாரணை நடந்தது. பதவி இழந்தவர் கோல்புரூக்.

அடுத்து, உள்நாட்டுச் சுங்கம். அந்நாளில் வங்காளத்தில் ஓர் ஊர்ச் சரக்கு இன்னோர் ஊருக்குப் போகச் சாவடி சாவடியாகச் சுங்கம் கட்ட வேண்டும். சாவடிச் சேவகனுக்குத் தனியாகக் கப்பம். நெசவாளியும் குடியானவனும் சிறு வியாபாரியும் இதனால் நசுங்கினார்கள். டிரெவெலியன் இந்தக் கொடுமையை ஆராய்ந்து விரிவான அறிக்கை எழுதினார். 1836இல் வங்காளத்தில் அந்தச் சுங்கம் ஒழிந்தது. சென்னை மாகாணத்தில் 1844இல் ஒழிந்தது. தடையற்ற வியாபாரம் என்ற கொள்கையால் எளியவனுக்குக் கிடைத்த நன்மை இது, மறைக்கத் தேவையில்லை. ஆனால், ஓரிடத்தில் பலித்த மருந்து எல்லா நோய்க்கும் பலிக்கும் என்று மருத்துவர் நம்பத் தொடங்கினால் நோயாளியின் கதி என்ன? பின்னால் நடந்தது அதுதான்.

1834இல் அவர் மெக்காலேயின் தங்கை ஹன்னாவை மணந்தார். இந்தியாவில் ஆங்கிலக் கல்வியைப் புகுத்திய மெக்காலேதான். மைத்துனர்கள் இருவரும் அந்தக் காரியத்தில் ஒரே கட்சி. 1838இல் டிரெவெலியன் இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1840இல் லண்டன் கருவூலத்தில் உதவிச் செயலாளர் ஆனார். பெயரில்தான் உதவி. மந்திரிகள் வருவார்கள், போவார்கள். இவர் அங்கேயே இருப்பார். அரசாங்கத்தின் பணப்பெட்டிச் சாவி 19 ஆண்டுகள் அவர் கையில் இருந்தது.

அயர்லாந்தின் கிழங்கு

அப்போது அயர்லாந்து முழுவதும் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் ஆட்சியில் இருந்தது. 1841ஆம் ஆண்டுக் கணக்குப்படி அங்கே மக்கள் 81 லட்சத்துக்கு மேல். நிலம் ஜமீன்தார்களுடையது. அவர்களில் பலர் அயர்லாந்தில் வசிக்காமல் இங்கிலாந்தில் இருந்து குத்தகைப் பணத்தை வாங்கிச் சுகமாக வாழ்ந்தவர்கள். உழைக்கும் குடியானவனுக்கு மிஞ்சியது கையளவு துண்டு நிலம். அதில் அவன் போட்டது உருளைக்கிழங்கு. கொஞ்சம் நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடிய பயிர் அது ஒன்றுதான். அவன் விளைவித்த ஓட்ஸ் தானியமும் வளர்த்த பன்றியும் குத்தகைக்குப் போய்விடும். கிழங்குதான் காலைச் சாப்பாடு, கிழங்குதான் இரவுச் சாப்பாடு. ஏறக்குறைய 30 லட்சம் பேர் அதை நம்பியே உயிர் வாழ்ந்தார்கள்.

1845 செப்டம்பரில் கிழங்குப் பயிரில் ஒரு நோய் கண்டது. பச்சையாக நின்ற வயல் சில நாளில் கருகி அழுகிப் போயிற்று. மண்ணைத் தோண்டினால் கிழங்குக்குப் பதிலாகக் கூழும் நாற்றமும்! அந்த ஆண்டு ஒரு பகுதி அழிந்தது. அடுத்த ஆண்டு, 1846இல், கிட்டத்தட்ட எல்லாமே அழிந்தது.

முதலாண்டில் பிரதமராக இருந்தவர் ராபர்ட் பீல். அவர் ஓசைப்படாமல் ஒரு லட்சம் பவுனுக்கு அமெரிக்க மக்காச்சோளம் வாங்கி, சர்க்கார் கிடங்குகளில் வைத்து, மலிவு விலைக்கு விற்கச் செய்தார். சாலை வேலைகளையும் தொடங்கினார். குறைகள் இருந்தன, ஆனாலும் அந்த ஆண்டு பட்டினிச் சாவு பரவவில்லை. 1846 ஜூனில் பீல் ஆட்சி கவிழ்ந்தது. ஜான் ரஸ்ஸல் பிரதமரானார். சார்லஸ் வுட் நிதி மந்திரியானார். இருவரும் சந்தைக் கொள்கையில் ஊறியவர்கள். டிரெவெலியனோ அதிலே மூழ்கியவர். மந்திரிகளின் நோக்கமும் அதிகாரியின் நோக்கமும் ஒன்றாகிவிட்டன.

அதன்பின் பிறந்த கட்டளைகள் எவை? சர்க்கார் இனிமேல் வெளிநாட்டுத் தானியம் வாங்குவதை நிறுத்திக் கொள்ள வேண்டும். கிழக்கு அயர்லாந்து முழுவதையும் தனியார் வியாபாரிகளிடம் விட்டுவிட வேண்டும். மேற்குப் பகுதியில் மட்டும் கிடங்கு இருக்கலாம். அதையும் வியாபாரியின் சரக்கு தீர்ந்த பிறகே திறக்க வேண்டும். சந்தை விலைக்கே விற்க வேண்டும்.

சாத்திரமும் நடப்பும்

ஏன் இப்படி? அவருடைய கணக்கைப் பார்ப்போம். எதிரியின் வாதத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் திட்டுவது நமக்கு அழகல்ல.

தானியம் குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் லாபம் தெரியும். லாபம் தெரிந்தால் எங்கெங்கோ இருக்கும் வியாபாரியெல்லாம் சரக்கைக் கொண்டு வருவான். சரக்கு குவிந்தால் விலை இறங்கும். நடுவே சர்க்கார் புகுந்து மலிவாக விற்றால் வியாபாரி நஷ்டத்துக்குப் பயந்து ஒதுங்கிவிடுவான். பிறகு சர்க்காரே ஊருக்கெல்லாம் சோறு போட வேண்டி வரும். ஆகவே பொறுத்திரு, சந்தை காப்பாற்றும். இதுதான் கணக்கு.

காகிதத்தில் பிழையே இல்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஆள் விடுபட்டுப் போனான். கையில் காசில்லாதவன்! விலை ஏற்றம் வியாபாரியை அழைப்பது எப்போது? வாங்குகிறவனிடம் பணம் இருக்கும்போது. அயர்லாந்தின் மேற்குக் குடியானவன் தன் உணவைக் கடையில் வாங்கியவனே அல்ல. மண்ணிலிருந்து தோண்டித் தின்றவன். அவன் வாழ்ந்த பக்கத்தில் தானியக் கடைகளே அரிது. அவனுடைய பசியைச் சந்தையால் பார்க்க முடியாது. சந்தைக்குத் தெரிவது பணம் ஒன்றுதான். அதனால்தான், பட்டினி கிடந்த நாட்டிலிருந்து அதே நாட்களில் ஓட்ஸும் வெண்ணெயும் மாடுகளும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. அங்கே வாங்கப் பணம் இருந்தது. 1847இல் வெளியே போனதைவிட அதிகத் தானியம் உள்ளே வந்தது என்பது உண்மையே. ஆனால் அந்தக் கப்பல்கள் வருவதற்கு முன்பே 1846ஆம் ஆண்டின் குளிர்காலம் வந்துவிட்டது. வயிறு தவணை கொடுப்பதில்லை, தோழர்களே.

பசித்தவன் கையில் காசு வருவதற்கு வழியாகப் பொதுவேலை என்று ஏற்பாடு செய்தார்கள். அதிலும் சாத்திரம் புகுந்தது. கூலி வெளிச்சந்தைக் கூலியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூலியாட்கள் பண்ணை வேலையை விட்டு இங்கே ஓடி வந்துவிடுவார்களாம். வேலையால் எந்தத் தனி மனிதனுக்கும் லாபம் கிடைக்கக் கூடாது; கிடைத்தால் போட்டி கெட்டுவிடுமாம். ஆகவே வயலுக்கு வாய்க்கால் வெட்டாமல், எங்கும் போய்ச் சேராத சாலைகளைப் போட்டார்கள். கடும் பனியில், கந்தல் துணியோடு, காலி வயிற்றோடு ஆணும் பெண்ணும் கல் உடைத்தார்கள். 1847 மார்ச்சில் அப்படி உழைத்தவர்கள் ஏழு லட்சம் பேர். ஏறிய விலையில் அந்தக் கூலி ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. உடைத்த கல்லின் பக்கத்திலேயே விழுந்து செத்தவர்கள் உண்டு.

கஞ்சித் தொட்டி காட்டிய உண்மை

கடைசியில் சாத்திரம் தோற்றது. 1847இன் தொடக்கத்தில் ஒரு சட்டம் செய்து, ஊர் ஊராகக் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். அந்த ஜூலையில் நாளொன்றுக்கு 30 லட்சம் பேர் அங்கே சாப்பிட்டார்கள்! பொதுவேலைகளுக்கு ஆனதைவிடக் குறைந்த செலவு. சாவு குறைந்தது. ரயிலும் தந்தியும் பரவாத காலத்தில், ஒரு சர்க்கார் மனம் வைத்தால் 30 லட்சம் வயிற்றுக்குக் கஞ்சி ஊற்ற முடியும் என்பதை அந்தச் சர்க்காரே நிரூபித்துக் காட்டியது.

அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? இலையுதிர் காலத்துக்குள் தொட்டிகளை மூடினார்கள்! அறுவடை நன்றாக இருக்கிறதாம், பஞ்சம் தீர்ந்ததாம். கிழங்கு நோயற்றிருந்தது மெய். ஆனால் விதைக் கிழங்கையும் தின்று தீர்த்த மக்கள் பயிரிட்டதே சொற்பம். இனிமேல் அயர்லாந்தின் ஏழையை அயர்லாந்தின் வரியே காப்பாற்றட்டும் என்று பொறுப்பை அந்த நாட்டின் தலையிலேயே கட்டினார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு உதவி கிடையாது என்று சட்டத்தில் ஒரு விதி. நிலத்தை விட்டால் நாளை வாழ்வில்லை. விடாவிட்டால் இன்று கஞ்சியில்லை! ஜமீன்தார்கள் இதைப் பயன்படுத்திக் குடிசைகளை இடித்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். 1848இல் மறுபடியும் கிழங்கு அழுகியது.

அந்த 1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் டிரெவெலியன் 'அயர்லாந்து நெருக்கடி' என்ற தம்முடைய நூலை வெளியிட்டார். பஞ்சத்தை முடிந்துபோன கதையாக அதில் எழுதினார். அது எல்லாம் அறிந்த, கருணை மிக்க கடவுளின் கைவேலை என்றும், அயர்லாந்துச் சமுதாயத்தின் பழைய நோயைத் தீர்க்க வந்தது என்றும் அவருக்குப் பட்டது. அந்த ஆண்டே அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது.

செத்தவர்கள் ஏறத்தாழ 10 லட்சம். நாட்டை விட்டு ஓடியவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். நோயோடு நெரிசலாகக் கடல் கடந்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கனடாவின் கிரோஸ் தீவிலே புதைக்கப்பட்டார்கள். 1851இல் கணக்கெடுத்தபோது அயர்லாந்தில் மிஞ்சியவர்கள் 65 லட்சம். இன்றைக்கும் அந்தத் தீவின் மொத்த மக்கள் தொகை 1841இல் இருந்த அளவை எட்டவில்லை.

பணம் இல்லாமலா இப்படி நடந்தது? அயர்லாந்தின் நிவாரணத்துக்குப் பிரிட்டிஷ் கஜானா கொடுத்தது சுமார் 80 லட்சம் பவுன். அதிலும் பெரும்பகுதி முதலில் கடனாக. அதே பாராளுமன்றம் 1833இல் அடிமை முறையை ஒழித்தபோது, அடிமைகளை இழந்த எசமானர்களுக்கு நஷ்டஈடாக ஒதுக்கியது இரண்டு கோடி பவுன்! அடிமையாகக் கிடந்தவனுக்கு ஒரு காசு இல்லை. சொத்துடையவன் இழந்தால் சர்க்கார் தலையிடும். சோறு இல்லாதவன் கேட்டால் சர்க்கார் தலையிடக் கூடாது.

சர்க்கார் தலையிடவில்லை என்பதாவது உண்மையா? தானிய வண்டிக்குக் காவலாகப் போனவன் யார்? சர்க்கார் சிப்பாய். குடிசையை இடிக்கும்போது துணை நின்றவன் யார்? சர்க்கார் போலீஸ். குத்தகை பாக்கிக்குத் தீர்ப்புச் சொன்னது யார்? சர்க்கார் கோர்ட்டு. ஆக, தலையிடாமை என்பது ஒரு பக்கத்துக்கு மட்டும் சொன்ன விரதம்!

நம் ஊருக்கு வந்தார்

பழியை எல்லாம் ஒருவர் தலையில் சுமத்துவது நியாயமல்ல. மந்திரிகள் இருந்தார்கள், பாராளுமன்றம் இருந்தது, ஜமீன்தார்கள் இருந்தார்கள். தனியார் தருமத்துக்கு நிதி திரட்டுவதிலும் டிரெவெலியன் துணையாக இருந்தார். அந்தத் தருமம் எங்கிருந்தெல்லாம் வந்தது தெரியுமா? கல்கத்தாவில் நிதி திரட்டினார்கள். அமெரிக்காவில் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட சாக்டா என்ற செவ்விந்தியக் குடியினர், தாங்களே வறுமையில் வாடிய 1847இல், பணம் சேர்த்து அனுப்பினார்கள். பசித்தவனின் வலி பசித்தவனுக்குத் தெரிந்தது. பொருளாதாரம் படித்த மேதைக்குத் தெரியவில்லை.

1854இல் வெளிவந்த நார்த்கோட்–டிரெவெலியன் அறிக்கை, சிபாரிசால் அல்ல, பரீட்சையில் தேறியே சர்க்கார் உத்தியோகம் பெற வேண்டும் என்றது. அதற்கும் அவரே காரணகர்த்தா. நல்ல காரியம்தான். அவரிடம் இருந்த முரண்பாட்டை இதிலே காணலாம். உத்தியோகத்துக்கு ஆள் எடுப்பதில் சலுகை கூடாது, நியாயம் வேண்டும் என்றவர், சோற்றுக்கு நியாயம் வேண்டும் என்று ஒருநாளும் எண்ணவில்லை.

1859 மார்ச்சில் அவர் சென்னை மாகாணத்தின் கவர்னர் ஆனார். சென்னை சென்டிரலுக்குப் பக்கத்தில், இன்று ரிப்பன் மாளிகையும் நேரு விளையாட்டரங்கும் நிற்கும் வட்டாரத்தில், நகர மக்கள் உலவுவதற்கென்று பெரிய பூங்கா ஒன்றை அமைத்தார். மக்கள் பூங்கா என்றே அதற்குப் பெயர். பின்னாளில் மூர் மார்க்கெட்டும் விக்டோரியா மண்டபமும் அந்த நிலத்தில்தான் எழுந்தன.

அவருடைய ஆட்சி ஓராண்டும் சில மாதமுமே நீடித்தது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா காலி. அதை நிரப்பக் கல்கத்தாவுக்கு வந்த நிதி மெம்பர் ஜேம்ஸ் வில்சன். அவரும் சாதாரண ஆளல்ல. தடையற்ற வியாபாரக் கொள்கைக்காக 1843இல் 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர். வில்சன் வருமான வரி போட்டார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவனுக்கு 100க்கு 2. 500 ரூபாய்க்கு மேல் 100க்கு 4. வியாபாரிக்கும் தொழில் செய்பவனுக்கும் லைசென்ஸ் வரி வேறு. இந்த வரிகள் சென்னைக்கு வேண்டாம், செலவைக் குறைத்தால் போதும் என்று டிரெவெலியன் எதிர்த்தார். எதிர்த்ததோடு நில்லாமல், தம்முடைய எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார்! மேலிடம் பொறுக்குமா? 1860 ஜூனில் பதவி பறிபோயிற்று. ஒரே சாத்திரம் படித்த இருவர் மோதியதில் ஒருவர் வேலை இழந்தார். மற்றவர் சில வாரங்களில் கல்கத்தாவில் நோயால் இறந்தார். 1863இல் டிரெவெலியனே நிதி மெம்பராக இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். 1865இல் அந்த வருமான வரி ஒழிந்தது.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். 22 வயதில் மேலதிகாரியின் லஞ்சத்தை எதிர்க்கத் துணிவு இருந்தது. 53 வயதில் வரியை எதிர்த்துக் கவர்னர் பதவியையே இழக்கத் துணிவு இருந்தது. அந்தத் துணிவு அயர்லாந்தில் எங்கே போயிற்று? அவர் கோழை அல்ல. அங்கே தவறு நடப்பதாக அவருடைய சாத்திரம் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வரி சுமத்துவது அநியாயம் என்று அவருடைய புத்தகத்தில் இருந்தது. காசில்லாமல் ஒருவன் சாவது அநியாயம் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

சாத்திரம் தொடர்ந்தது

1886 ஜூனில் 79 வயதில் அவர் லண்டனில் இறந்தார். அதற்கு முன்பே அந்தப் பாடம் நம் மாகாணத்திலும் நடத்தப்பட்டது. 1876இல் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்தது தாது வருஷப் பஞ்சம். சென்னை சர்க்கார் தானாகத் தானியம் வாங்கியபோது, வியாபாரத்தில் தலையிட்டதாக வைசிராய் லிட்டனின் அரசாங்கம் கண்டித்தது. செலவைக் குறைக்க அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்டு டெம்பிள். 1874 பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியை வரவழைத்து மக்களைக் காப்பாற்றியவர் அவர்தான். அதற்குப் பரிசாகக் கிடைத்தது, காசை வாரி இறைத்தார் என்ற ஏச்சு. பாடம் கற்றுக்கொண்ட டெம்பிள், சென்னையில் நாள் முழுதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலி நிர்ணயித்தார். அது உயிரைத் தாங்காது என்று மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் போராடினார். அந்தப் பஞ்சத்தில் மடிந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது சர்க்கார் நியமித்த கமிஷனின் மதிப்பீடு. அப்போதும் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக் கொண்டுதான் இருந்தது.

நூறாண்டு கழித்து, 1981இல், வங்கத்துப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பஞ்சங்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். 1943 வங்காளப் பஞ்சம் அதில் முக்கியமானது. நாட்டில் உணவு இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியல்ல, அதைப் பெறும் சக்தி இவனுக்கு இருக்கிறதா என்பதே கேள்வி என்று அவர் காட்டினார். கடை நிறையச் சரக்கு இருக்கும். கடை வாசலில் மனிதன் செத்துக் கிடப்பான். அயர்லாந்துக் குடியானவன் தன் உயிரைக் கொடுத்துச் சொன்ன உண்மையும் அதுதான்.

அயர்லாந்து மறக்கவில்லை. 'அதென்ரைப் புலங்கள்' என்ற பாட்டை இன்றும் விளையாட்டு மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடிப் பாடுகிறார்கள். பிள்ளைகள் பசிக்காகச் சோளம் திருடி நாடு கடத்தப்பட்ட ஒருவனைப் பற்றிய பாட்டு அது. அதிலே டிரெவெலியன் பெயர் வருகிறது. 1997இல், பஞ்சத்தின் 150ஆம் ஆண்டை ஒட்டி, பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் பெயரால் ஓர் அறிக்கை படிக்கப்பட்டது. லண்டனில் ஆண்டவர்கள் கடமை தவறினார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ள 150 ஆண்டு!

தோழர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

சந்தையே வேண்டாம் என்பதல்ல. சாவடிச் சுங்கம் ஒழிந்தபோது நெசவாளிக்கும் குடியானவனுக்கும் மூச்சு வந்தது. வாங்குவதும் விற்பதும் மனிதன் உள்ள வரை இருக்கும். ஆனால் சமுதாயம் என்பது வாங்குகிறவனும் விற்கிறவனும் சந்திக்கும் இடம் மட்டும்தான், வாங்க முடியாதவனுக்கு அதில் இடமில்லை, அவனுடைய வறுமை அவனுடைய குணக்கேடு, உதவினால் கெட்டுப் போவான் என்று ஒருவர் பேசத் தொடங்கினால் எச்சரிக்கையாக இருங்கள். பேசுகிறவர் நல்லவராகவே இருக்கலாம். லஞ்சம் வாங்காதவராகவும் இருக்கலாம். டிரெவெலியனும் நல்லவர்தான்.

நம்முடைய தெருமுனையில் ரேஷன் கடை இருக்கிறது. வரிசையில் நிற்கிறோம், எடை குறைந்தால் சண்டை போடுகிறோம், சரக்கு வரவில்லை என்றால் முறையிடுகிறோம். அந்தக் கடை யாரோ போட்ட பிச்சை அல்ல. தாது வருஷத்தில் மண் சுமந்து செத்தவனுக்கும், எங்கும் போகாத சாலைக்குக் கல் உடைத்துச் செத்தவனுக்கும் கிடைக்காமல் போன உரிமை அது. அது வீண் செலவு, சந்தையிடம் விட்டுவிடுங்கள் என்று ஒருவர் கணக்கோடு வந்து நிற்கும்போது, கோபப்பட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஐயா, உங்கள் கணக்கில் கையில் காசில்லாதவன் எந்த வரியில் இருக்கிறான்?

பதில் வரும் வரை கடைக் கதவை மூட விடாதீர்கள்!